முப்பது வாஷர்

சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி உருளைக்கு முன்னால் ஒரு தகட்டு மறைப்பு இருந்தது. வேலை செய்கிறவர்களின் கை உள்ளே போய்விடாமல் காப்பதற்காக வைத்தது. ஒரு வாரமாகவே அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தான்.

"ஓட்டையெல்லாம் தேஞ்சு பெருசாயிடுச்சு. இப்படியே மாட்டினா போல்ட் தலை உள்ள போயிடும்" என்று சொல்லிவிட்டு, கிரீஸ் படிந்த விரலால் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதினான். பக்கத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் சீட்டு அவள் கைக்கு வந்தது.

'எம் 8 போல்ட் 6. எம் 8 வாஷர் 24.'

தெருமுனை இரும்புக்கடையில் கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

"எம் எட்டு போல்ட் ஆறு. வாஷர் இருபத்துநாலு" என்றாள் இவள்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தாள். "எண்ணமா, அகலமா?"

"என்னதுங்க?"

"இருபத்துநாலு வாஷர் வேணுமா, இல்ல இருபத்துநாலு எம்எம் அகலத்துல வாஷர் வேணுமான்னு கேக்கறேன். ஆறு போல்ட்டுக்கு இருபத்துநாலு வாஷர் எதுக்கு? பாயாசத்துலயா போடப் போறாரு? அகலமாத்தான் இருக்கும். எழுதறவங்க ஒரு வார்த்தை கூடச் சேத்து எழுத மாட்டாங்க. வாங்க வர்றவங்க முழிச்சுக்கிட்டு நிப்பாங்க."

இரண்டு இழுப்பறைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாஷரை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். நடுவில் உள்ள துளை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று சட்டைப் பொத்தான் மாதிரி சின்னது. இன்னொன்று அதைவிடப் பெரிதும் தடிப்புமாக இருந்தது.

"ரெண்டுமே எம் எட்டுதான். வாஷருக்குன்னு தனியா பேர் கிடையாது, எந்த போல்ட்டுக்குப் போடறோமோ அந்தப் பேர். இது வெளி அகலம் பதினாறு. இது இருபத்துநாலு. ஓட்டை சரியா இருந்தா சின்னது போதும். ஓட்டை பெருசா இருந்தா இந்த அகலமானதைத்தான் போடணும்."

அவள் பெரியதைக் கையில் எடுத்தாள். கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரம்மா என்னவோ கேட்டது காதில் விழுந்தது, ஆனால் புரியவில்லை. அவளுக்கு இரண்டரை வருஷத்துக்கு முந்தைய வேறொரு சீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதில் எழுதியிருந்தது: 'எம் 10 போல்ட் 8. எம் 10 வாஷர் 30.'

அந்தச் சீட்டை எழுதியவர் அவள் கணவனின் அண்ணன். தொழிலில் ஃபிட்டர். வீட்டில்கூட அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு அவர் 'பெரியவன்', அவளுக்கு 'அத்தான்', பட்டறையில் எல்லாருக்கும் 'கால்சுத்து'. எந்த நட்டை முறுக்கினாலும், முறுக்கி முடித்த பிறகு, "இரு, இன்னும் கால் சுத்து" என்று ஸ்பேனரை மறுபடி மாட்டுவார். அதனால் வந்த பட்டம். தம்பி கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் பக்கத்தில் நின்று பேனாவை இன்னும் கால் சுத்து அழுத்தச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர் என்று நாலு பேரும் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

அவளுடைய கணவன் நகலெடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தான். வாய் ஓயாத ஆள். காலையில் பால்கனியில் நின்று கீழே தெருவில் போகிற வருகிறவர்களோடெல்லாம் பேசுவான். பழைய கம்பித் தடுப்பு துருப்பிடித்து உதிர ஆரம்பித்ததும், "இவன் என்னிக்காவது பேசிப் பேசியே கீழ விழுந்துடுவான்" என்று அம்மா தினமும் புலம்பினாள். ஃபிட்டர் ஒரு நாள், இடித்துக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றிலிருந்து நல்ல கனமான கம்பித் தடுப்பைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் பாதத் தகடுகளில் இருந்த துளைகள் பெரிய போல்ட்டுக்காகப் போட்டவை, பதினெட்டு எம்எம் என்று எல்லாரிடமும் சொன்னார். இவர்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரோ ஒல்லியானது. அவ்வளவு பெரிய போல்ட்டைத் தாங்காது. அதனால் பத்து எம்எம் போல்ட் போதும் என்று அளந்து முடிவு செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். தம்பி தடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால் அவள் கடைக்குப் போனாள். அந்தக் கடையில் யாரும் எண்ணமா அகலமா என்று கேட்கவில்லை. முப்பது என்றாள், முப்பதை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் ஃபிட்டர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, தெருவுக்கே சேத்து வாங்கிட்டு வந்துட்டியா?"

"நீங்கதானே முப்பதுன்னு எழுதியிருந்தீங்க."

"எழுதினேன், எழுதினேன்."

தம்பி ஒரு வாஷரை விரலில் மோதிரம் மாதிரி மாட்டப் பார்த்து, அது பாதி விரலில் நின்றுவிட, அவளிடம் நீட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலமாகிவிட்டது, கடை மூடியிருப்பார்கள். தடுப்பில்லாமல் பால்கனியைத் திறந்து போட்டுவைக்க முடியாது. ஃபிட்டர் ஒரு போல்ட்டுக்கு இரண்டு வாஷர் வீதம் அடுக்கி, நட்டைப் போட்டு முறுக்கினார். அன்றும் எட்டு நட்டுக்கும் இன்னும் கால் சுத்து கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, அவளும் கணவனும் பால்கனியில் நின்று ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் போர்வையின் தன் பக்கத்து முனைகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது தடுப்பின் ஒரு பக்கம் வெளியே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பால்கனியில் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவனோடு விழுந்த போர்வையைக் கையில் பிடித்தபடி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டறையிலிருந்து ஓடி வந்த ஃபிட்டர் சுவரோரமாக நின்றார். யாரோ உறவினர், "புதுசா மாட்டின கம்பி எப்படிங்க கழண்டுச்சு?" என்று கேட்டார். ஃபிட்டர் அம்மாவைப் பார்த்தே சொன்னார்: "நான்தான் சரியா முறுக்காம விட்டுட்டேன். என் தப்பு."

அம்மா அவரை அடிக்கவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "நீ என் கண்ணுல படாதே" என்று மட்டும் சொன்னாள். அவர் தன் துணிப்பையையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே போய்விட்டார். மாமியாரும் மருமகளும் அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீட்டுக்கு மாறினார்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அம்மா ஒரு நாளும் உட்கார்ந்து அழவில்லை. பெரியவனைத் திட்டிக்கொண்டே பொழுதை ஓட்டினாள். குழாய் ஒழுகினால் அவனைத் திட்டுவாள், கதவு கிறீச்சிட்டால் அவனைத் திட்டுவாள்.

"ஏம்மா, தண்ணி வேணுமா?" கடைக்காரம்மா ஒரு பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எம் பத்து போல்ட். தகட்டுல ஓட்டை பெருசு. பதினெட்டு எம்எம். அதுக்கு முப்பதுன்னு எழுதினா என்ன அர்த்தம்?"

"வெளி அகலம் முப்பது. அது சரிதான்."

"சாதா வாஷர் போட்டா?"

"சாதா வாஷர் அகலம் இருபதுதான். பதினெட்டு ஓட்டை மேல இருபது உக்காந்தா, சுத்தி ஒரு நூல் அளவு பிடிக்கும். போல்ட் கொஞ்சம் ஒரு பக்கமா ஒதுங்கினா அதுவும் கிடையாது. வேகமா இழுத்தா வளைஞ்சு உள்ள போயிடும்."

"ரெண்டு ரெண்டா அடுக்கிப் போட்டா?"

"ரெண்டா போட்டா ரெண்டும் சேந்து போகும்" என்றாள் கடைக்காரம்மா. "யாராவது அப்படிப் போட்டிருக்காங்களா? சீக்கிரம் மாத்தச் சொல்லும்மா."

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. விபத்து நடந்த அன்று சாயங்காலம், விசாரிக்க வந்தவர்களோடு அவளும் பால்கனிவரை போனாள். கைப்பிடிச் சுவரில் போல்ட்டுகள் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தன. நட்டுகளும் அதனதன் இடத்தில் இருந்தன. அடியில் வாஷர்கள் மட்டும் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தன. தகடு அவற்றைத் தாண்டி மேலே வந்துவிட்டிருந்தது. எதுவும் கழன்றிருக்கவில்லை. பார்த்த யாருக்கும் அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வேறு காரணம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு போல்ட்டும் ஆறு அகல வாஷரும் வாங்கிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவன் சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலைவரை மறைப்பு ஆடாமல் நின்றது. அவள் மடித்த விரிப்புகளைத்தான் மறுபடி பிரித்து மடிக்க வேண்டியிருந்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் கேட்டாள். "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டரைத் தேடிப் போனாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளில் கடைசி அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. அவர் இப்போது ஃபிட்டர் வேலைக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு குடோன் வாசலில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. முறுக்க வேண்டியது ஒன்றும் இல்லாத இடம்.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அம்மாவுக்கு ஏதாவது...?"

"நல்லா இருக்காங்க."

உட்காரக் கட்டிலைக் காட்டிவிட்டு அவர் கதவோரம் நின்றார். தலை நரைத்துவிட்டது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"முப்பதுன்னு எழுதினது அகலம்தானே அத்தான்?"

அவர் முகம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "என்ன முப்பது?"

"நான் எண்ணம்னு நெனச்சுச் சின்ன வாஷரா வாங்கிட்டு வந்துட்டேன். அதான் கம்பி வந்துடுச்சு. நட்டு இறுகித்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அதெல்லாம் இல்லம்மா. யாரோ உனக்கு என்னவோ..."

"பொய் சொல்லாதீங்க."

அவர் வெளியே பார்த்தார். டிப்போவிலிருந்து ஒரு பஸ் பின்னால் நகர்ந்து வெளியே போனது.

"நட்டு இறுகித்தான் இருந்துச்சு" என்றார் பிறகு. "நான் மாட்டினது எதுவும் இதுவரைக்கும் இளகினது இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ தரையில உக்காந்திருந்த. உன் கையில அந்தப் போர்வை இருந்துச்சு. அந்த நேரத்துல வாஷர்னு ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வந்திருந்தா நீ என்ன ஆயிருப்பியோ. வேற எதையாவது சொல்லணும். வாயில அதுதான் வந்துச்சு."

"என் தப்பை நீங்க ஏன் வாங்கிக்கணும்?"

"உன் தப்புன்னு யாரு சொன்னா?" அவர் குரல் முதல்முறையாகச் சற்று உயர்ந்தது. "அகலம்னு ஒரு வார்த்தை எழுதாம விட்டது நான். பொட்டலத்தைப் பிரிச்சதுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன். ஒரு வாரம் தாங்கும், அடுத்த ஞாயித்துக்கிழமை மாத்திடலாம்னு மாட்டினேன்."

அவர் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கருவிப் பையை இழுத்தார். மேலே தூசி. பக்கத்து ஜிப்பைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். உள்ளே எட்டு வாஷர்கள். அகலமானவை, தடிப்பானவை, எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

"ரெண்டே நாள்ல வாங்கிட்டேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை. அஞ்சு மாசம் பையிலயே கிடந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஸ்பேனரை எடுப்பேன். அவன் கேரம் போர்டை விரிச்சுட்டு, 'விடுண்ணா, கம்பி எங்க ஓடியா போகப் போகுது, ஒரு ஆட்டம் போட்டுட்டுப் பாத்துக்கலாம்'பான். உக்காந்துடுவேன். ஆட்டம் முடியறப்ப இருட்டிடும். இருபத்திரண்டு ஞாயித்துக்கிழமை. நான் எண்ணிப் பாத்திருக்கேன்."

அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் பையை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினார். ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். இருந்த ஒரே டம்ளரை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் பாத்திரத்திலிருந்தே குடித்தார்.

கிளம்பும்போது அவள், "அத்தைகிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. என்மேல இருக்கற கோவத்துலதான் அவங்க எழுந்து நடமாடறாங்க. அதைப் பிடுங்காதே."

"என்னால முடியாது அத்தான். அவங்க கையால தினம் சாப்பிடறேன்."

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை.

வீட்டில் மாமியார் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, முப்பது, பெரிய துளை, சின்ன வாஷர், பையில் கிடந்த பொட்டலம், கேரம். மாமியார் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுக் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவனே சொன்னானா, அப்புறம் பாத்துக்கலாம்னு? சின்னவனா?"

"ஆமா அத்தை."

மாமியார் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு மிகவும் சாதாரணமான குரலில் சொன்னாள்: "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒருத்தன்மேல கோவமா இருந்தேன். அதுல ரெண்டு வருஷம் போயிடுச்சு. இப்ப நான் யார்மேல கோவப்படறது? உன்மேலயா? செத்துப்போன பிள்ளைமேலயா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, வீட்டைக் காலி செய்தபோது வராத அழுகை. தோள் குலுங்க, பெயர் சொல்லி, குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அழுதாள். மருமகள் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் மாமியார் அவளோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், தட்டை எடுத்து வைப்பாள், ஆனால் முகம் பார்க்க மாட்டாள். குழாய் ஒழுகியது, யாரையும் திட்டவில்லை. படுத்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாள். டாக்டர் வந்து சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தான் சொன்னது சரிதானோ என்று அவள் பயந்தாள். வேலைக்குப் போய், விரிப்புகளை மடித்து, திரும்பி வந்தாள். முப்பது என்ற எண் எங்கே கண்ணில் பட்டாலும் வேறு பக்கம் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவன் எங்க சாப்பிடறான்?"

"அவரே சமைச்சுக்கறாரு அத்தை."

"அவனுக்கு என்ன சமைக்கத் தெரியும்?" கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். வாசலில் நின்றுகொண்டே இருந்தார். மாமியார் உள்ளேயிருந்து, "வா" என்று மட்டும் சொன்னாள். அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள். யாரும் அதிகம் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள். "போதும்மா" என்றார். "போட்டுக்கோன்னா போட்டுக்கோ" என்றாள். மன்னிப்பைப் பற்றியோ வாஷரைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வரவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, "நீயும் உக்காரு, எவ்வளவு நேரம் நிப்ப" என்றாள் மாமியார். இரண்டு வாரத்தில் அவள் முகம் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் வார்த்தை.

"பட்டறைக்குத் திரும்பிப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. ஸ்பேனரைக் கையில எடுக்க முடியல."

"சரி. எடுக்க வேண்டாம்."

சாப்பிட்ட பிறகு அவர் கிளம்புவதாகச் சொல்லிச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே சரிந்து, கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார். பல நாள் தூங்காதவர் மாதிரி, வாய் லேசாகத் திறந்திருந்தது. மருமகள் தட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்தாள்.

மாமியார் மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் ஈ உட்கார வந்தபோது கையால் விசிறி விரட்டினாள். நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கறப்ப சின்னவன் மாதிரியே இருக்கான்" என்றாள், மெல்லிய குரலில். "இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்ல பாரு."

ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து அவர் கண்களுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. மருமகள் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.